பட்டாலையில் தொங்கும் லட்சுமி: ரவி வர்மா வரைந்ததா, அச்சடித்ததா?

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கத்தில் பூர்வீக வீடு, பங்கு பிரிக்கும் பேச்சு நடக்கிறது. அப்பத்தா காலத்திலிருந்து பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு லட்சுமி படம் தொங்குகிறது. இரண்டேகால் அடி உயரம், கண்ணாடி போட்டுத் தேக்குச் சட்டம் அடித்தது, கீழ் மூலையில் ஆங்கிலத்தில் ரவி வர்மா என்று கையெழுத்து. படம் கறுத்துப்போயிருக்கிறது, அவ்வளவு பழசு என்று எழுதி, ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, "இது பிரிண்ட்தான், ஐயாயிரம் தர்றேன்" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி, "யாரும் தொடாதீங்க, அது ஒரிஜினல், கோடி போகும்" என்கிறார். இரண்டில் எது உண்மை என்று சொல்ல ஒரு டெஸ்ட் இருக்கிறதா?

டெஸ்ட் பற்றிக் கேட்டிருந்தாலும், இரண்டு பேரில் யாரை நம்புவது என்பதுதான் உங்கள் கவலை என்று படுகிறது. அதற்கு என்னால் ஓரளவு உதவ முடியும். பழைய படங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காகிதம், கித்தான் (ஓவியம் வரையும் கேன்வாஸ் துணி), வார்னிஷ் இவைதான் எனக்குத் தெரிந்தவை. விலை போடுவது என் வேலை இல்லை, அதனால் தொகை எதுவும் சொல்லமாட்டேன். ஒரிஜினலா என்று நாம் ஒரே வார்த்தையில் கேட்டுவிடுகிறோம். உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அது கையால் வரைந்ததா? வரைந்தது என்றால் ரவி வர்மா உயிரோடு இருந்த காலத்தில் வரைந்ததா? அந்தக் காலத்தது என்றால் அவர் கையா, வேறு கையா? முதல் கேள்விக்கு நீங்களே வீட்டில் பதில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதற்கு ஆய்வுக்கூடம் பல நேரம் "இல்லை" என்று உறுதியாகச் சொல்லும், "ஆம்" என்று சொல்லாது. மூன்றாவதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது.

லட்சுமி படம், ரவி வர்மா கையெழுத்து என்றவுடனேயே நான் அச்சுப் பக்கம்தான் சாய்வேன். ரவி வர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோணாவ்லாவுக்குப் பக்கத்தில் மளவ்லிக்கு மாறியது. 1900களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை வாங்கிக்கொண்டார். ஓவியர் 1906இல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அங்கே படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. லட்சுமியும் சரஸ்வதியும் அந்த அச்சகத்தில் மிகவும் ஓடிய படங்கள். அங்கே அடித்த பெரிய அளவுப் படங்கள் ஏறத்தாழ 20 அங்குல அகலம், 28 அங்குல உயரம். உங்கள் இரண்டேகால் அடி அதோடு ஒத்துப்போகிறது. கையெழுத்தை வைத்து யாரும் மயங்க வேண்டாம். அங்கே அடித்தது கல்லச்சு, கல்லில் படம் எழுதி அதிலிருந்து காகிதத்தில் அச்சிடுவது. அந்தக் கல்லில் படத்தோடு சேர்த்துக் கையெழுத்தையும் எழுதிவிட்டார்கள், ஆயிரம் பிரதி என்றால் ஆயிரம் கையெழுத்து. அச்சகத்தின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் கீழ் வெள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சட்டம் போட்ட ஆசாரி பெரும்பாலும் அந்த ஓரத்தைத்தான் வெட்டியோ மடித்தோ உள்ளே தள்ளியிருப்பார்.

இதை ஊகமாக விட வேண்டாம். நகைக்கடையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லட்சுமியின் கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடத்தைப் பாருங்கள். கல்லச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு கல். நல்ல படத்துக்குப் பத்துக் கல்லுக்கு மேலும் போகும். அச்சகத்தில் ஒரு கைவினைஞர் மூலப் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கல்லின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போவார். நிழல் வேண்டுமானால் நெருக்கி வைப்பார், வெளிச்சம் வேண்டுமானால் விலக்கி வைப்பார். அதனால் லென்ஸில் ரோஜா, பழுப்பு, நீலம் எல்லாம் கடுகு சிந்தியது போல ஒழுங்கில்லாமல் கிடப்பது தெரியும். சில இடத்தில் ஒரு நிறம் கோட்டைத் தாண்டி மயிரிழை தள்ளி நிற்கும். கையால் வரைந்த எண்ணெய் ஓவியத்தில் புள்ளியே இருக்காது. ஒரு நிறம் இன்னொன்றில் குழைந்து போயிருக்கும், தூரிகையின் மயிர் ஓடிய தடம் தெரியும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. புள்ளிகள் ஒரே அளவு இடைவெளியில், வரிசை கட்டி, சின்னச் சின்னப் பூ வட்டமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், பிற்காலத்து இயந்திர அச்சு. அப்படியானால் பழைய கல்லச்சு கூட இல்லை, பிற்காலத்து மறுஅச்சு. பழைய சட்டத்துக்குள் புது அச்சைப் போட்டு விற்பது இப்போது சாதாரணம். கண்ணாடி இருந்தாலும் லென்ஸை ஒட்டி வைத்தால் ஓரளவு தெரியும். தெரியவில்லை என்பதற்காகக் கண்ணாடியைப் பிடுங்காதீர்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தடவிப் பார்த்தேன், துணி நெசவு தெரிகிறது, அதனால் ஒரிஜினல்தான் என்று பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் படத்தின் மேல் விரலை ஓட்டிவிட்டு, கித்தான்தான் என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கூட வந்த மூத்தவர் ஒன்றும் பேசாமல் லென்ஸை என் கையில் கொடுத்தார். பார்த்தால் கன்னம் முழுக்கப் புள்ளி. எண்ணெய் ஓவியம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சடித்த படத்துக்கு வார்னிஷ் பூசி, சிலவற்றில் நெசவுத் தடத்தையும் அழுத்திப் பதித்துவிடுவார்கள். ஓலியோகிராஃப் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அன்றிலிருந்து தடவுவதை விட்டுவிட்டு டார்ச் அடிக்கிறேன். இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள். பதித்த நெசவு முகம், மேகம், தாமரை என்று வேறுபாடு பார்க்காமல் எங்கும் ஒரே சீராக ஓடும். வரைந்த படத்தில் நகையின் மின்னலிலும் புடவைச் சரிகையிலும் வண்ணம் தடித்து நிற்கும், நிழல் பகுதியில் மெலிந்து கிடக்கும்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு வகையும் நிறைய உண்டு. அச்சுப் படத்துக்கு வெல்வெட் புடவை கட்டி, சம்கி, சரிகை, கண்ணாடி மணி எல்லாம் ஒட்டி அலங்கரித்தவை. ஆச்சிமார்கள் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து செய்தது. அதைப் பார்த்துவிட்டு, யாரோ படத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்று பிய்த்து எடுக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த அச்சு இன்னும் பல வீட்டில் கிடைக்கும், உங்கள் வீட்டு ஆச்சி ஒட்டிய சம்கி உங்கள் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் சாதாரண அச்சைவிட இதுதான் பார்க்க வேண்டிய பொருள்.

சரி, லென்ஸில் புள்ளியே இல்லை, வரைந்ததுதான் என்று வைத்துக்கொள்வோம். உடனே பங்காளிக்குப் போன் போட்டுவிடாதீர்கள், உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரவி வர்மா படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஓவியர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர்கள், செட்டியார் வீடுகளுக்கும் ஜமீன்களுக்கும் உருவப்படம் எழுதியவர்கள், கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜுவும் அவரிடம் பயின்றவர்களும் போலக் காலண்டர் படம் எழுதியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம். இவர்கள் படம் போலி என்று நான் சொல்லமாட்டேன். லட்சுமி படம் வேண்டும் என்று கேட்டவருக்கு லட்சுமி எழுதிக் கொடுத்தார்கள், யாரையும் ஏமாற்றவில்லை. பின்னால் வந்த ஒருவர் மூலையில் கையெழுத்துச் சேர்த்தால்தான் அது போலியாகிறது.

பெரும்பாலான நகல்கள் மூல ஓவியத்தைப் பார்த்து எழுதியவை அல்ல, அச்சைப் பார்த்து எழுதியவை. கல்லில் வரைந்த கைவினைஞர் புடவை மடிப்பை எளிமையாக்கியிருப்பார், விரலை நேராக்கியிருப்பார், பின்னணியைச் சுருக்கியிருப்பார். அச்சைப் பார்த்து எழுதியவர் அந்த மாற்றங்களையும் அப்படியே எழுதிவிடுவார். உங்கள் படத்தையும் அச்சையும் பக்கத்தில் வைத்து மடிப்பு மடிப்பாக ஒப்பிட்டு, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் சந்தேகம் கூட வேண்டும், குறையக் கூடாது. வரைபவர் தன் படத்தைத் தானே திரும்ப எழுதினால்கூடக் கை எங்காவது விலகும்.

கையெழுத்தையும் லென்ஸில் பாருங்கள். பழைய எண்ணெய்ப் பூச்சில் வெடிப்பு விட்டிருக்கும். வெடிப்பு எழுத்தைப் பிளந்துகொண்டு போனால், எழுத்தும் படமும் சேர்ந்து முதுமை அடைந்தவை. எழுத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இது மட்டும் எனக்கு ஏறக்குறைய முழு நிச்சயம். கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கு கடைக்காரர்களிடம் இருக்கிறதே, அதையும் இருட்டில் காட்டலாம். பழைய வார்னிஷ் பச்சையாக மங்கலாய் ஒளிரும், பிற்காலத்தில் தொட்டு நிரப்பிய இடங்களும் பின்னால் போட்ட கையெழுத்தும் கறுப்பாகத் தெரியும். அச்சுப் படமானால் காகிதத்தின் வெறும் ஓரத்தில் காட்டுங்கள். வெள்ளைச் சட்டை போலப் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தைய காகிதம்.

படம் கறுத்துப்போயிருக்கிறது, அவ்வளவு பழசு என்று எழுதியிருந்தீர்கள். அது வயதுக்குச் சாட்சி இல்லை. தினமும் விளக்கேற்றி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட வீட்டில் முப்பது வருடத்தில் எந்தப் படமும் அந்த நிறத்துக்கு வந்துவிடும். தேக்குச் சட்டமும் சாட்சி இல்லை. பர்மாத் தேக்குச் சட்டங்கள் தனியாகக் கைமாறும், படங்கள் தனியாகக் கைமாறும். பின்பக்கம் ரங்கூன் கடைச் சீட்டு ஒட்டியிருந்தால், அந்தச் சட்டம் ரங்கூனில் அடித்தது என்பதுதான் அர்த்தம். பின்பலகைக்கு அடியில் பழைய செய்தித்தாள் இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு யாரோ கடைசியாகப் படத்தை மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். படம் அதற்கு ஐம்பது வருடம் முந்தியதாகவும் இருக்கலாம், ஐந்து நாள் முந்தியதாகவும் இருக்கலாம். அப்புறம், வீட்டில் யாராவது இது 1942இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த வருடம் ஜப்பான்காரனுக்குப் பயந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது, கண்ணாடி போட்ட படத்தை யார் தூக்கி வந்திருப்பார்கள்? முந்தைய வருடங்களில் கப்பலில் வந்தது என்றால் நம்பலாம்.

ஆய்வுக்கூடம் என்ன செய்யும்? ஓவியத்தைச் சுரண்டாமலே வண்ணத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று எக்ஸ்ரே கருவியால் பார்க்கலாம். முதலில் தேடுவது டைட்டானியம். டைட்டானியம் வெள்ளை ஓவிய வண்ணமாகப் புழக்கத்துக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும்தான். 1906இல் இறந்தவர் அதைத் தொட்டிருக்க முடியாது. அவர் காலத்தில் இருந்தவை ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும். அதே போல 1930களில் வந்த தாலோ நீலம் என்ற செயற்கை நீலம் இருந்தாலும் கதை முடிந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில் யாராவது பழுதுபார்த்துத் தொட்ட இடத்தில் கருவியை வைத்துவிட்டு "டைட்டானியம் இருக்கிறது, போலி" என்று சொல்லிவிடக் கூடாது. முதலில் நீல விளக்கில் பார்த்து, யாரும் தொடாத இடமாக நாலைந்து தேர்ந்தெடுத்து அளக்க வேண்டும். எல்லா இடத்திலும் டைட்டானியம் வந்தால் அவர் வரைந்தது இல்லை. எங்கும் வரவில்லை என்றால்? அவர் வரைந்திருக்கத் தடை இல்லை, அவ்வளவே. 1900இல் மதுரையில் இருந்த ஓர் ஓவியரும் அதே ஈய வெள்ளையைத்தான் வாங்கியிருப்பார். கார்பன் தேதி பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1890க்கும் 1920க்கும் வித்தியாசம் காட்டும் அளவு அது நுட்பமானது இல்லை. 1950களுக்குப் பிந்தைய துணியைக் காட்டிக் கொடுக்கும், அதற்கு மேல் இந்த வேலைக்கு உதவாது.

மூன்றாவது கேள்வி, அவர் கையா என்பது. ரவி வர்மாவின் படங்களிலேயே எவ்வளவு அவர் கை என்று பிரிப்பது சுலபம் இல்லை. தம்பி சி. ராஜராஜ வர்மா 1905இல் இறக்கும்வரை கூடவே இருந்து வேலை செய்தவர். நிலக்காட்சியில் தேர்ந்தவர், அண்ணன் படங்களின் பின்னணியில் அவர் கை உண்டு. தங்கை மங்கள பாயியும் ஓவியர். நான் அருங்காட்சியகப் படங்களோடு பழகியவன்தான், ஆனாலும் ஒரு படத்தைப் பார்த்து "இது அவர் கை" என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் படங்களையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு பயிற்சி வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்கோ ஒருமுறை போய் அவர் வரைந்த தோலைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து உங்கள் லட்சுமியைப் பார்த்தால், நான் இவ்வளவு எழுதியது தேவையில்லை என்று தோன்றலாம்.

ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சாட்சி உங்கள் வீட்டில் இருக்கலாம். ரவி வர்மா ஊர் பேர் தெரியாத ஓவியர் இல்லை. 1873லேயே சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர், திருவிதாங்கூர், மைசூர், பரோடா அரண்மனைகளுக்கு எழுதியவர். தம்பி நாட்குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் ஒருவர் படம் எழுதி வாங்கினால் கடிதம் போயிருக்கும், பணம் போயிருக்கும். பணம் போயிருந்தால் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டில் எழுதாமல் விட்டிருப்பார்களா? கல்யாணத்துக்கு வந்த மொய்யை நாலணாவரை ஏட்டில் எழுதியவர்கள். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம், மொய்ப்பண ஏடு, சாமான் பட்டியல், பேரேடு, சிட்டை என்று ரெண்டாங்கட்டு அறைப் பெட்டிகளில் கிடக்கும். பங்கு பிரிக்கும்போது முதலில் கரையானுக்கும் காயலான் கடைக்கும் போவது அவைதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வளவில், அதாவது பங்காளிகள் சேர்ந்த பூர்வீக வீட்டில், இதே போல ஒரு சண்டை. லட்சுமி, சரஸ்வதி இரண்டு படம், அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. லென்ஸில் நான் அச்சு என்று சொன்னதை ஒருவர் ஏற்றார், மற்றவர் நான் வியாபாரியின் ஆள் என்று நினைத்தார். அந்த வீட்டு ஆச்சி, தன் மாமியாரின் கல்யாணச் சாமான் பட்டியலைத் தேடி எடுத்து வந்தார். அதில் பித்தளைச் சாமான்களுக்கு நடுவில் "லெட்சுமி படம் 1, சரஸ்வதி படம் 1, கண்ணாடி போட்டது" என்று ஒரு வரி, எதிரில் விலை. பட்டியலில் மேலே இருந்த குத்துவிளக்கின் விலையில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. உங்கள் படம் வரைந்ததுதான் என்று லென்ஸ் சொன்னால் அந்தப் பெட்டிகளைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஓவியருக்கோ அவர் தம்பிக்கோ பணம் அனுப்பிய ஒரே ஒரு வரி இருந்தால், அதற்கு நான் எக்ஸ்ரே அறிக்கையைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

சட்டத்தையும் உங்கள் பங்காளிக்குச் சொல்லிவிடுங்கள். ரவி வர்மாவின் படைப்புகள் 1979இல் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை, இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. உள்நாட்டில் விற்கலாம். அச்சானாலும் நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்தான். அதனால் ஒரிஜினலாக இருந்தாலும் சரி, நூறு வருடம் தாண்டிய அச்சாக இருந்தாலும் சரி, சிங்கப்பூர் போக வழி இல்லை.

வியாபாரி சொன்னது அநேகமாகச் சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்ன விலை சரியா என்பது வேறு. உங்கள் போட்டோவில் கண்ணாடியின் பளபளப்புக்குப் பின்னால் எனக்குப் புள்ளியும் தெரியவில்லை, தூரிகையும் தெரியவில்லை. அதனால் "அநேகமாக" என்ற வார்த்தையை எடுக்க முடியாது. லென்ஸ் பார்க்கும்வரை பங்குப் பத்திரத்தில் படத்தை யார் பெயருக்கும் எழுத வேண்டாம். இப்போதைக்குப் பொதுவில் வைத்து, பின்னால் விற்றால் தொகையைப் பங்கு வைப்பதாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஈரத்துணியால் துடைப்பது, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது, ஸ்பிரிட் பஞ்சால் கையெழுத்தைச் சோதிப்பது எதுவும் கூடாது. ஒரு வீட்டில் குத்துவிளக்குத் துலக்கிய கையோடு படத்துக்கும் புளி போட்டுவிட்டார்கள், எனக்கு அதில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடியைப் பிடுங்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்: மழைக்காலத்துச் சுவர் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பின்பலகையை மட்டும் கழற்றி, காகிதமா கித்தானா என்று பாருங்கள். கித்தானாக இருந்தால் அதைப் பிடித்திருப்பது சின்ன ஆணியா, ஸ்டேப்ளர் கம்பியா என்பது தெரிய ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். கீழ் ஓரம் மடங்கி உள்ளே போயிருந்தால் அதையும் எடுங்கள். இறக்கும்போது இரண்டு பேராகப் பிடியுங்கள், பழைய கண்ணாடி நல்ல கனம் இருக்கும், மேலே மாட்டிய கம்பி துருப்பிடித்திருக்கும்.